வீட்டில் எத்தனை பேர்

துலூத் நகரம். சுப்பீரியர் ஏரி கரையோரம் இறுகிய மூன்றாம் வாரம்.
பழைய தேவாலயத்தின் நிலவறைக் கதவை
செவ்வாய்தோறும் பத்து மணிக்குத் திறக்கிறேன்.
வரிசை எனக்கு முன்பே வந்திருக்கிறது.
கொதிகலன் இருமுகிறது,
பதில் சொல்வதுபோல் வரிசையும்.

படிவத்தில் பதினொரு கேள்விகள்.
பத்தை அவர்களே நிரப்பிவிடுவார்கள்.
ஒன்றை மட்டும் நான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்,
அது விதி:
வீட்டில் எத்தனை பேர்?

வேலைக்குச் சேர்ந்த அன்று
இதுதான் இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்தேன்.

ஷெவோன் விரல்விட்டு எண்ணுவாள்.
நான்கு என்பாள்.
எழுதி முடிப்பதற்குள்,
தங்கை பையன் வெள்ளி ராத்திரி வந்து திங்கள் காலை போவான்,
அவனை முழு ஆளாகப் போடலாமா?
எப்படிச் சாப்பிடுவான், என்றேன்.
ஒன்றரை ஆளாக, என்றாள்.
நான்கை அடித்து ஐந்து.

வீடு என்றால் எது, என்று திருப்பிக் கேட்டார் மார்விஸ் டெஃபோ.
வண்டியைச் சொல்கிறாய் என்றால் நானும் நாயும்.
நாய்க்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: நாய், ஒன்று.
அலுவலகத்திலிருந்து யாரும் இதுவரை கேட்கவில்லை.

கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே என்பார்கள்.
இந்த மேசையைச் செய்த தச்சன்
குழந்தைகளை நினைக்கவில்லை.
ஓட்டிஸுக்கு என் முகம் தெரியாது,
விரல்கள் மட்டுமே தெரியும்.
ஒருநாள் கடைவாசலில் என் கையைப் பார்த்துவிட்டு
அம்மாவிடம் கத்தினான்:
"பச்சை மோதிரம்! பால் தருகிற பச்சை மோதிரம்!"
அவள் எனக்கும் அவனுக்கும் நடுவே எங்கேயோ பார்த்தாள்.
அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில்
மோதிரத்தைக் கழற்றிவிட்டு வருகிறேன்.

அவனுக்குக் கிடைத்த குளிர்கோட்டின் கழுத்துப்பட்டையில்
கறுப்பு மையில் கெர்ட் என்று இருந்தது.
யார் இது?
உனக்கு முன்னால் இதற்குள் இருந்தவன்.
அன்று முழுக்க ஓட்டிஸ் என்றால் திரும்பவில்லை.
கெர்ட் என்று கூப்பிட்டால்தான் வந்தான்.

அலமாரியில் பூசணிக்கூழ் டப்பா நாற்பது.
பண்டிகை முடிந்ததும் வந்து குவிந்தவை.
தந்தவர்கள் நல்லவர்கள்தான்,
அவர்கள் வீட்டிலும் அதை யாரும் தின்னவில்லை, அவ்வளவே.

ஆர்விட் லாஹ்தி, எண்பத்தொன்று,
தாது ஏற்றும் துறையில் முப்பத்தாறு வருடம்.
கேட்டேன்.
இரண்டு, என்றார்.

ஐலி அக்டோபரில் இறந்தாள்.
மதியச் சாப்பாட்டு வண்டியில் அவள் பெயரெழுதிய தட்டைத்
திருப்பிக் கொண்டுவந்தவள் நானேதான்,
கோழியும் பட்டாணியும் மூடி திறக்காமல்.
இரண்டு பேர் என்றால் சூடேற்றும் எண்ணெய்
கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.
எண்ணெய்க்காகச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா,
அவர் கண்ணில் படிக்க முடியவில்லை.
பேனா காற்றில் நின்றது.
பின்னால் பதினெட்டுப் பேர்.

ஒன்று என்று எழுதினேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்த்தார்.
தலைகீழாகப் பார்த்தாலும்
ஒன்று ஒன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த செவ்வாய் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
வண்டிக்காரன் கதவருகே தட்டை வைத்துவிட்டு வந்தான்,
எடுத்தாரா தெரியாது என்றான்.
நான் தூக்கத்தில் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன்,
சரியாக எழுதியதையே.

பிறகு வந்தார்,
காதுவரை இழுத்த தொப்பியில் பனித்தூள்.
நான் கேள்வியை விழுங்கிவிட்டுப்
பால், முட்டை, ஓட்ஸ் என்று எடுத்து வைத்தேன்.
அவர் பையைத் தொடவில்லை.
"கேள்" என்றார்.

வீட்டில் எத்தனை பேர்?

பதில் சொல்லாமல் அலமாரியைப் பார்த்தார்.
"பூசணி இருக்கிறதே.
ஐலி இதில் ரொட்டி சுடுவாள்.
எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

சொல்லிக்கொண்டே இரண்டு டப்பாக்களைப் பையில் போட்டார்.
கட்டத்தை அவரே நிரப்பினார், அழுத்தி,
தாள் கிழியும் அளவுக்கு.

கையிருப்பு நோட்டில் குறித்தேன்:
பூசணி, முப்பத்தெட்டு.
அடுத்தவர், என்றேன்.